ஏழாவது குறிப்பு

பொத்தானை அழுத்தினார். காரின் கூரை அசையவில்லை.

மறுபடி அழுத்தினார். டிங் டிங் என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பொத்தானை முறைத்தார். போயும் போயும் இன்றைக்கா?

கேட்டுக்குப் பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள். காலில் செருப்பு, தோளில் கைப்பை. நாலு வருஷத்தில் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். தனியாக, இருட்டில், மூன்று மணி நேரம். அதிலிருந்து மூடின எதற்குள்ளும் அவளால் போக முடியவில்லை. பஸ், ரயில், கார் எதுவும் ஆகாது. குளிக்கும்போதுகூடக் கதவு திறந்தேதான் இருக்கும்.

வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாசம். குறைமாசத்தில் பிறந்தது, இப்போதைக்குப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி. "எப்பம்மா வர்றே?" என்று மகள் கேட்டால் இவள் உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

அதனால்தான் மனுஷர் கூரை மடங்குகிற கார் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். பழைய வண்டி. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஐம்பத்தெட்டு வயசில் மைனர் ஆசையாம்!

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மெக்கானிக் சொன்ன பத்துக் குறிப்புகளையும் கடையில் கிடந்த கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். துணிக்கூரையை மெத்தென்ற பிரஷ்ஷால்தான் தேய்ப்பார். நனைந்திருந்தால் மடிக்கவே மாட்டார், பூஞ்சை பிடித்துவிடுமாம். தண்ணீர் வடிகிற துளைகளில் ஒரு இலைத் துணுக்கு நிற்க விடமாட்டார். பின்ஜன்னல் பிளாஸ்டிக் என்பதால் அதற்கென்றே கடையிலிருந்து மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி வந்தது.

"கட்டின நாளா என்னை ஒருநாள் இப்படிக் கவனிச்சதில்ல" என்று மனைவி இடித்துக் காட்டினாள்.

ஆனால் ஏறவில்லை. வண்டி நிற்கிற ஷெட் பக்கமே அவள் போகமாட்டாள். ஜன்னல் இல்லாத ஷெட் அது. ஒரு பக்கம் இரும்பு ஷட்டர், மூன்று பக்கம் சுவர். மாலையில் வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்துவார். காலையில் வெளியே கொண்டுவந்து கேட் முன்னால் கூரையைத் திறந்து காட்டுவார். அவள் எட்ட நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்படியே ஒரு மாசம்.

நேற்றுத்தான் வாய் திறந்தாள். "நாளைக்கு ஏறிப் பாக்குறேன். தெருக்கோடி வரைக்கும்தான். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

அந்தத் தெருக்கோடிக்கே அவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது கூரை அடம்பிடிக்கிறது. அவள் கை கழுத்துப் பக்கம் போனது. ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்றைக்கு உள்ளே போனால் போனதுதான், இனி ஏறவே மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"டிக்கில ஏதாச்சும் வச்சீங்களா சார்? கூரை மடங்கி அங்கதான போகணும்? உள்ள இருக்கிற தடுப்புத் திரையை இழுத்து மாட்டினாத்தான் திறக்கும். ஏழாவது குறிப்பு சார்!"

"ஒரு துரும்புகூட வைக்கல தம்பி!"

அது சத்தியம். நேற்றுச் சாயங்காலம்தான் டிக்கியைத் துடைத்தார். காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இறங்கிப் போய்த் திறந்தார்.

உள்ளே நீலப் பெட்டி இருந்தது. வருஷக்கணக்காகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெரிய பெட்டி. ஜிப் பிதுங்குகிற அளவுக்கு அடைத்திருந்தது. அது கொள்ளவில்லை என்று தடுப்புத் திரையை யாரோ மேலே தள்ளிவிட்டிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு பொட்டலம் புதுக் குழந்தைச் சட்டை. அதன் மேல் மடித்து வைத்த இரண்டு மழைக்கோட்டு.

மழையே வந்தாலும் கூரையை மூட விடமாட்டாள் போலிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார், நாலு வருஷத்து மூச்சு.

பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். திரையை இழுத்து மாட்டினார். பொத்தானை அழுத்தினார்.

கூரை எழுந்தது, மடங்கியது, சொன்னபடி கேட்டு டிக்கிக்குள் போனது.

அவள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

தெருக்கோடி வந்தது. அவர் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

"பெட்டியை எப்ப வச்சே?" என்றார்.

"விடியக்காலைல, நீங்க குளிக்கப் போனப்ப. மூணு தடவை பாதில திரும்பி வந்துட்டேன்." காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். "திரும்பி வந்ததும் அந்த ஷெட்டுக்கு முதல்ல ஒரு பல்பு போடுங்க. உள்ள ஒரே இருட்டு."