எதிர்வீட்டு ரம்பம்

"ரேடியேட்டரை இன்னைக்கு நானே மாத்தப் போறேன், அத்தை. மெக்கானிக் எதுக்கு?"

ஸ்டேஷனிலிருந்து மாமியாரை அழைத்து வந்த வேன், வழியெல்லாம் புகைந்துவிட்டு அப்போதுதான் வாசலில் நின்றிருந்தது.

"பல்பு மாட்டவே ஆள் கூப்பிடுவீங்களே மாப்பிள்ளை!" என்றார் மாமியார், வேடிக்கை பார்க்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. போனில் ஆறு வீடியோ பார்த்தவராயிற்றே! இன்று விட்டால் இந்த ஜென்மத்தில் பெயர் எடுக்க முடியாது. பானெட்டைத் தூக்கினார். முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பழைய தண்ணீரை வடிக்க வேண்டும். கையைக் கொண்டுபோனார்.

"தம்பி, எங்க கேட் சிக்கிக்கிச்சு. ஒரு கை பிடிங்களேன்!"

எதிர்வீட்டுக்காரர். லாரி ஓட்டி ஓய்ந்தவர். வாயைத் திறந்தால் அறுத்துத் தள்ளிவிடுவார் என்பதால் தெருவே அவருக்கு வைத்த பெயர் ரம்பம்.

கேட்டைச் சரிசெய்துவிட்டு வரக் கால் மணி நேரம் ஆனது. மறுபடி மூடிக்குக் கை போனது.

"தம்பி, இந்த லெட்டரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கண்ணாடியைக் காணோம்."

"உங்க நெத்தியிலதாங்க இருக்கு!"

"அட, ஆமா! இருந்தாலும் நீங்க படிச்சா தெளிவா இருக்கும்."

மாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மனைவிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பூஜை வேளையில் கரடி புகுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

லெட்டர் முடிந்ததும் லாரிக் கதை ஆரம்பமானது. மலைப்பாதை, பிரேக், பஞ்சர் என்று முழுதாக அரை மணி நேரம். பிறகு பேச்சுவாக்கில் ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர், "சரி தம்பி, வேலையைப் பாருங்க" என்று நடையைக் கட்டினார்.

"விட்டுது சனி!" என்றார் மாப்பிள்ளை.

அப்புறம் மளமளவென்று வேலை நடந்தது. நழுவி விழுந்த ஒரு நட்டைத் தேடி வேனுக்கடியில் தவழ்ந்ததை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாயங்காலம் வண்டியைக் கிளப்பினார். புகையும் இல்லை, ஒழுகலும் இல்லை.

"பரவாயில்லையே! என் மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான்" என்றார் மாமியார்.

"அந்த ரம்பம் மட்டும் வரலைன்னா மதியமே முடிச்சிருப்பேன், அத்தை!"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போனாள்.

"உங்களுக்கே நல்லா இருக்கா? ஆசையா ஒரு வேலையில இறங்கின மனுஷனை இப்படியா பாடாப் படுத்தறது?"

அவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி அப்போ கொதிச்சுக்கிட்டு இருந்துச்சும்மா. அந்தச் சூட்டுல மூடியைத் திறந்திருந்தா வெந்நீர் மூஞ்சியிலயே அடிச்சிருக்கும்."

"ஐயோ! அதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்தான். மாமியார் பாத்துக்கிட்டு இருக்கும்போது, 'இதுகூடத் தெரியாதா தம்பி'ன்னு எப்படிம்மா கேக்கறது?"