தற்காப்பு எதுவரை?

வக்கீல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான் வளவன். விருத்தாசலத்திலேயே அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா தென்றல் வந்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டாள்.

“தற்காப்புக்கு அடிச்சா குத்தமாடா?”

“இல்லக்கா. ஆனா, தேவைக்கு மேல அடிக்கக் கூடாது.”

“கழுத்த நெரிச்சா?”

“உயிருக்கே ஆபத்தாச்சே! திருப்பி அடிக்கலாம்.”

“நெரிச்ச கைய எடுத்தப்புறமும் ஒரு அடி அடிச்சிட்டா?”

“அது தற்காப்புல வராது. எந்தப் பக்கத்துல இருக்குது இந்தக் கேள்வி?”

தென்றல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முந்தானையை விலக்கினாள். கழுத்தில் விரல் தடங்கள் சிவந்திருந்தன.

“ஒங்க மாமாவ பீங்கான் ஜாடியால அடிச்சிட்டேன்டா. வூட்டுல கெடக்காரு. மூச்சு இருக்குது.”

வளவன் 108-ஐ அழைத்தான்.

“மொதல்ல அவரு பொழைக்கணும்க்கா, வா!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.