நன்றி சொல்லாத டாக்டர்

“இன்னொரு குடுக்கை ஊத்துங்க, மில்டன்” என்றார் டாக்டர் ஃபெரெய்ரா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி பதினொன்று. வார்டில் ஏழு பிள்ளைகள் ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். பெரிய டாக்டரோ பக்கத்து அறையில் உட்கார்ந்து, ஒரு குழந்தையின் அப்பாவோடு மாத்தே குடித்துக்கொண்டிருக்கிறார். சுரைக்குடுக்கை நிறையக் கசப்பு இலை, அதன்மேல் வெந்நீர், உறிஞ்ச ஒரே குழாய். கை மாறிக் கை மாறிப் போகிறது. என்னமோ ஆற்றங்கரைக்குப் பிக்னிக் வந்த மாதிரி!

“வார்டில் மாத்தே கூடாது” என்று கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டியவரே இவர்தான். இந்த மொன்டெவிடியோ ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக சிஸ்டராக இருக்கிறேன். இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை.

விஷயம் என்ன சாதாரணமா? மில்டனின் மகள் ஒன்பது வயது ஒரியானாவுக்குப் பிறந்ததிலிருந்தே தசைகளில் பலம் கிடையாது. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் காணும். மூக்கில் மாட்டும் மாஸ்க்தான் இத்தனை நாள் மூச்சுக்குக் கை கொடுத்தது. இந்தக் குளிரில் மூன்று தடவை நிமோனியா வந்துவிட்டது. இனி கழுத்தில் துளை போட்டு, வென்டிலேட்டரோடு வீட்டுக்குப் போகலாம்; வருஷக்கணக்கில் அது கூடவே இருக்கும். இல்லையென்றால் மாஸ்க்கோடேயே இருந்து, அடுத்த நிமோனியாவில் நடப்பது நடக்கட்டும் என்று விட வேண்டும்.

“எது சரின்னு நான் மட்டும் சொல்ல முடியாது. எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம்” என்று திங்கட்கிழமை சொன்னார் டாக்டர். இன்று புதன். கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவம் மேஜையில் அப்படியே கிடக்கிறது. மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று பேச்சு போகிறது!

உள்ளே போனேன்.

“டாக்டர், ரவுண்ட்ஸ்…”

“இதோ வரேன் சிஸ்டர்.” உறிஞ்சி முடித்துக் குடுக்கையை நீட்டினார். மில்டன் மறுபடி ஊற்றினார்.

மில்டன், வடக்கே டக்குவரெம்போ ஊர்ப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

“மாடுங்ககிட்ட பேசறதுல பாதி என்கிட்ட பேசினாக்கூடப் போதும் டாக்டர்” என்றாள் அவர் மனைவி இர்மா.

“மாடு குறுக்கே பேசாதும்மா!” என்றாள் சக்கர நாற்காலியிலிருந்து ஒரியானா.

டாக்டர் சிரித்தபடி அடுத்த குடுக்கையை வாங்கினார். வாயில் வைக்கப் போகும்போது மில்டன் மெல்லக் கனைத்தார்.

“டாக்டர்… அந்தத் துளை போட்டா, குரல் போயிடுமா?”

இர்மா திகைத்துத் திரும்பினாள். “இதையா இத்தனை நாளா மனசுல வச்சுப் பூட்டியிருந்தீங்க?”

“சாயங்காலமானா நாலு பேர் ட்ரூக்கோ சீட்டாடுவோம். நானும் இவளும் ஜோடி. ‘ட்ரூக்கோ!’ன்னு இவ கத்தற கத்துல தொழுவத்துல மாடு மிரளும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை என்னால…” கையிலிருந்த தொப்பியைப் பிசைந்தார்.

டாக்டர் குடுக்கையைக் கீழே வைத்தார்.

“முதல் சில வாரம் குரல் வராது. அப்புறம் குழாயில ஒரு வால்வு மாட்டினா நிறையப் பிள்ளைங்க பேசுதுங்க. இவளும் பேசுவான்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். அதே மெஷினோட வீட்டுல இருக்கற ஒரு பொண்ணை நாளைக்கு வரச் சொல்றேன். பார்த்துட்டுச் சொல்லுங்க. ஒரியானா, நீ என்ன சொல்றே?”

“எனக்கு மூச்சு முட்டறது சுத்தமாப் பிடிக்கலை” என்றாள் அவள். “சில வாரம்னா பரவாயில்லை. ஜோடிக்குக் கண்ணாலயும் புருவத்தாலயும் ஜாடை காட்டியே ஆடிடுவேன். அப்பாவுக்குத்தான் ஜாடை புரியாது. அதனாலதான் தினமும் தோக்கறோம்!”

மில்டன் சிரித்தார். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“குரல் வராமலே போயிட்டா?” என்று கேட்டாள் இர்மா.

“அந்த அக்காவையே கேட்டுக்கறேன்” என்றாள் ஒரியானா.

“சரி டாக்டர், நாளைக்குப் பார்த்துட்டு மூணு பேருமா சொல்றோம்” என்றார் மில்டன். அவருடைய அன்றாடப் பத்து வார்த்தை எப்போதோ தாண்டியிருந்தது.

டாக்டர் ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சிவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். “நன்றி, மில்டன்” என்று எழுந்தார்.

அவர் பின்னாலேயே போனேன். நல்லா நாலு வார்த்தை கேட்டுவிடத்தான். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், வயிற்றை அமுக்கியபடி இரண்டு மாத்திரையை வாயில் போட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“ஐயோ, என்ன ஆச்சு டாக்டர்?”

“வயித்துப் புண் சிஸ்டர். இந்தத் திங்கட்கிழமை வரைக்கும் அஞ்சு வருஷமா மாத்தே தொட்டதில்லை.”

“அப்புறம் எதுக்கு இந்த வீம்பு?”

“குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்?”

“எனக்குப் போதும்னு அர்த்தம்.”

“திங்கட்கிழமை ரெண்டாவது குடுக்கையிலேயே வயிறு எரிஞ்சுது. நன்றின்னுட்டேன். பேச்சே முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டார் மில்டன். சட்டுனு எழுந்து தொப்பியை மாட்டிக்கிட்டு, ‘எங்க டாக்டர் கையெழுத்துப் போடணும்?’னு கேட்டார். நல்லவேளை, அப்புறம் பேசலாம்னு சமாளிச்சேன்.”

அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

“இன்னிக்கு எத்தனை குடுக்கை டாக்டர்?”

“பன்னண்டு” என்றார் அவர், வயிற்றைத் தடவிக்கொண்டே. “பதினொண்ணுல நன்றி சொல்லியிருந்தா, மனுஷன் வாயைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பார்.”