பெற்றவள் கையெழுத்து

"அறுத்தே பாருங்க," என்றாள் குழந்தையின் அம்மா.

சவக்கிடங்கு ஆபீஸில் நின்றிருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். உள்ளே கிடப்பது நாலு மாசக் கைக்குழந்தை. பெற்றவள் வாயில் வருகிற பேச்சா இது?

நான் அங்கே கிளார்க். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பிணத்தோடு எனக்கு வேலை கிடையாது, பிணத்தை வாங்க வருகிறவர்களோடுதான் என் பிழைப்பு. யார் நிஜமாக அழுகிறார்கள், யார் ஊருக்காக அழுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவள் அழவே இல்லை.

"என்னம்மா பேசறே? டாக்டரம்மா மேலோட்டமா பார்த்துட்டாங்க. ஒரு காயம் இல்ல, ஒரு தடம் இல்ல. பால் குடிச்சுட்டுத் தூங்கின குழந்தை எந்திரிக்கல. சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகறதுதான். பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அறுக்காம அப்படியே கொடுத்துடுவோம். உன் வீட்டுக்காரர் போட்டுட்டார். நீதான் பாக்கி," என்றேன்.

"நான் போடமாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனைப் பார்த்தால் கல்லும் கரையும். கண் ரெண்டும் வீங்கி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, பாவம், இடிந்து போயிருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா தலையிலடித்துக்கொண்டாள்.

"பூ மாதிரி படுத்திருக்கான். அவன் வயித்துல கத்தி வைக்கச் சொல்றாளே, கல்நெஞ்சக்காரி. என் தம்பி வேலை போய் வீட்ல இருக்கான்னு ரெண்டு பிள்ளைங்களையும் அவன் தலையில கட்டிட்டு, விடிஞ்சா இவ ஃபேக்டரிக்குக் கிளம்பிடுவா. பால் கரைக்கறதும் அவன், துணி மாத்தறதும் அவன். இவளுக்கு எங்க சார் வலிக்கும்?"

நியாயம்தானே என்று எனக்கும் பட்டது.

"அறுத்தா என்னென்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா உனக்கு?" என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"தெரிய வேண்டாம். பண்ணச் சொல்லுங்க."

இடுப்பில் மூணு வயசுப் பெண் குழந்தை வேறு. சவக்கிடங்குக்கு யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?

"பொண்ணையாவது அவர்கிட்ட கொடு. கொஞ்ச நேரம் வெளியில வச்சிருக்கட்டும்," என்றேன்.

அவரும் எழுந்து வந்து கையை நீட்டினார். "அப்பாகிட்ட வா தங்கம்."

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அதுவும் அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவன், இருக்கிற ஒன்றைத் தூக்கிக்கொள்ளக் கூடாதா? என்ன ஜென்மமோ என்று மனசுக்குள் திட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. அவள் தோளில் கையை வைத்து, மெதுவாகச் சொன்னார். "பிடிவாதம் பிடிக்காதே கண்ணு. கையெழுத்தைப் போடு. மத்ததை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் உதடு வெளுத்துப் போயிற்று. நான் பேனாவை நீட்டினேன். வாங்கினாள். விரல் நடுங்கியதில் பேனா கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. துக்கத்தில் நடுங்குகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். இது அந்த நடுக்கம் இல்லை என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

டாக்டரம்மா அறைக்குப் போய், கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

"அந்தம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு மேடம். நீங்க ஒரு அதட்டு அதட்டினா போட்டுடும்."

"கூட்டிட்டு வாங்க. அந்தம்மாவை மட்டும்."

கூப்பிட்டதும் அவரும் கூடவே எழுந்து வாசல் வரை வந்துவிட்டார். "நானும் வரேன் டாக்டர். அவளுக்குத் தனியாப் பேசத் தெரியாது."

"தெரிஞ்ச வரைக்கும் பேசட்டும். நீங்க போய் உட்காருங்க," என்றார் டாக்டரம்மா.

அவளை உள்ளே விட்டு, நானும் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பெண்ணை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. அறுத்தாலும் போன உசிரு திரும்பி வராது. தெரியும்ல?"

"தெரியும்."

"யார் மேலயாவது சந்தேகமா?"

கதவின் மங்கல் கண்ணாடியில் ஒரு நிழல் வந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் வராமல் நாற்காலியை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள். நான் போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவள் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"தெரியலையே டாக்டர். அவர் அழறதைப் பார்த்தா நம்பணும்னுதான் இருக்கு. அவர் ஒண்ணும் பண்ணலைன்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்கன்னா, கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஊரே என் மேல காறித் துப்பட்டும், பரவாயில்ல."

"அவ்வளவு நம்பணும்னு இருக்கறவங்க, ஏன்மா அறுக்கச் சொல்றீங்க?"

அவள் மடியிலிருந்த பெண்ணின் காது ரெண்டையும் கையால் பொத்தினாள்.

"போனவனுக்காகக் கேக்கல டாக்டர். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போயாகணும். இவளை அவர்கிட்ட விட்டுட்டுப் போகலாமா?"