மிச்ச வினிகர்

வாசல் மதிலின் கருப்பு டைல்ஸில் வினிகரை ஊற்றி, இளையவள் தேய்க்கிறாள். சாய்ந்த வெயிலில் உப்புக்கறை வெள்ளை வெள்ளையாக நுரைக்கிறது. பக்கத்து வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, வருஷக்கணக்கில் இங்கே காய்ந்த தண்ணீரின் கறை அது. அந்த வீடு அவளுடைய ஓரகத்தி வீடு. "மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன்டி" என்று ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். ஒருநாளும் துணியெடுத்துத் துடைத்ததில்லை. தன் மார்பிள் படியில் இளையவளின் ஈரக்கால் பட்டதற்கு மட்டும், சொந்தக்காரர்கள் எதிரிலேயே, "மார்பிள்ல நடந்து பழக்கமில்ல, பாவம்" என்றவள். இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்க்கிறாள். நார் கரகரக்கிறது. கறை போன இடத்தில் அவள் முகம் கருப்பாகத் தெரிகிறது. காலடியில் ஒரு மார்பிள் துண்டு கிடக்கிறது. படி போட்டபோது மிஞ்சி, ஓரகத்தி இந்தப் பக்கம் வீசியது. சற்றுமுன் அதன்மேல் வினிகர் சிந்திவிட்டது. சிந்திய இடமெல்லாம் மினுமினுப்பு செத்து, அரித்த பல் மாதிரி வெளிறியிருக்கிறது. எவ்வளவு துடைத்தும் அது திரும்பவில்லை. மதிலுக்கு அப்பால் ஓரகத்தியின் தலை எழும்புகிறது. "அடேயப்பா, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சே. எதை வச்சுடி தேய்க்கறே? பூந்தொட்டித் தண்ணி காஞ்சு என் படியெல்லாம் கறையாக் கிடக்கு." இளையவளின் பாதம் மெல்ல நகர்ந்து மார்பிள் துண்டை மூடுகிறது. "வெறும் வினிகர்தான்க்கா." மிச்சமிருக்கும் பாட்டிலை மதில் மேலாக நீட்டுகிறாள். "தண்ணி கலக்காம ஊத்துங்க. நீங்க தேய்க்கக்கூட வேணாம், விடிய விடிய ஊறட்டும்."