எலும்பு பிடிக்காத பல்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியிலிருக்கும் பல் கிளினிக்கில், தலைக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கு சின்னப்பராஜின் கண்ணைக் குத்துகிறது. தேர்பவனிக்கும் அடக்கத்துக்கும் வாசிக்கும் பேண்ட் செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர் அவர். முன்பல் போன இடத்தில், தாடை எலும்புக்குள் திருகி வைத்த இம்ப்ளாண்ட்டை டாக்டர் சித்ரா வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் மெல்லத் தட்டுகிறார். அது ஆடுகிறது. கீழே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. "எலும்பு பிடிக்கவே இல்லண்ணே. அது ஒட்டினாத்தான் மேல பல்லு மாட்ட முடியும். ஆறுறதுக்குள்ள ஊதினீங்களா?" சின்னப்பராஜ் கண்ணை மூடிக்கொள்கிறார். "ஒரே ஒரு அடக்கத்துக்குத்தாங்க. எங்க செட்டுல ட்ரம் அடிச்ச ஆண்டோ போய்ட்டான். அவன் பொட்டிய தூக்கறப்போ நான் சும்மா நின்னுக்கினு இருக்கறதா?" சுவரோரம் நிற்கும் அவர் மனைவி இருதயசெல்வி பொருமுகிறாள். "செத்தவன் எழுந்து கேட்டானா? வாய வச்சிக்கினு சும்மா இருய்யான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்." டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "இத கழட்டிடணும்ண்ணே. சுத்தி எலும்பு கரைஞ்சிக்கினே போவுது. மறுபடி வக்க முடியுமான்னு இப்ப சொல்ல முடியாது." "அப்ப நான் ஊதறது?" டாக்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். எவர்சில்வர் தட்டில் சின்னத் திருகுசாவி கிணுகிணுக்கிறது. சின்னப்பராஜின் மூன்று விரல்கள் வயிற்றின் மேல், அங்கே இல்லாத ட்ரம்பெட் கட்டைகளை அழுத்தி அழுத்தி விடுகின்றன. "வாயத் தொறங்கண்ணே." இருதயசெல்வி அருகில் வந்து அவர் தோளைத் தொடுகிறாள். "தொறய்யா." நெற்றியில் வியர்வை வழிய, அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார்.