எழுத்து கசியாத டிவி

"இன்னைக்கு ரத்தோமிர் தன் வாயாலயே எனக்கு ஒரு டிவி பொறுக்கித் தருவான். நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாத்துக்கிட்டே இரு!" என்றார் மிலுத்தின்.

கடைக்காரப் பெண் யாஸ்னா சிரித்த சிரிப்பில் அங்கிருந்த அத்தனை டிவியும் ஒரு நொடி அணைந்து எரிந்தன. செர்பியாவின் நீஷ் நகரத்துக்கே தெரிந்த பகை அது. மேல்வீட்டு ரத்தோமிரும் கீழ்வீட்டு மிலுத்தினும் பேசி ஒன்பது வருஷமாகிறது. ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர் மாடிப்படி. ஒருவர் ரொட்டி வாங்கிய கடையில் மற்றவர் அன்று பட்டினி.

"மாமா, அவர் உங்களுக்கு விஷம் வேணா பொறுக்கித் தருவாரு. டிவியா?"

"அவனுக்கு என்னைக் கண்டா பிடிக்காது, பொண்ணு. திரையில கலங்கின படத்தைக் கண்டா அதைவிடப் பிடிக்காது."

அது உண்மை. ரத்தோமிர் ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக். அவர் பழுதுபார்த்த பெட்டிகளை அடுக்கினால் நிலாவுக்கு ஏணி தேவையில்லை. தினமும் காலையில் கையில் சுடச்சுட, இறைச்சி அடைத்த பூரெக் ரொட்டியுடன் இந்தக் கடைக்கு வந்து, புதிதாக வந்த டிவிகளை ஒவ்வொன்றாகத் திட்டிவிட்டுப் போனால்தான் அவருக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

மிலுத்தினுக்கு இது விளையாட்டில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு மடிக்கணினியில் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. கணினிக்கு ஒரு திரை, படம் பார்க்க ஒரு டிவி என்று இரண்டு வாங்க ஓய்வூதியம் இடம் தராது. காட்சிக்கு வைத்த பெட்டிகள் மலிவு, ஆனால் அவற்றைத் திருப்பித் தர முடியாது. தப்பாக வாங்கினால், எழுத நினைத்ததை எழுதாமலே போய்ச் சேர வேண்டியதுதான்.

"அப்படி என்ன எழுதணும் மாமா?"

"ஒன்பது வருஷமா மனசுல கிடக்கிற கதை. ஒரு எழுத்து தப்பாம எழுதணும்."

கதவு திறந்தது. பூரெக் வாசனை முதலில் வந்தது, ரத்தோமிர் பின்னால் வந்தார்.

மிலுத்தின் கடையிலேயே பெரிய டிவியில் தன் கணினியைச் செருகி, எழுத்து நிறைந்த பக்கம் ஒன்றைத் திறந்தார். "அடடா, என்ன தெளிவு! இதையே கட்டு, யாஸ்னா!"

ரத்தோமிரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "யாஸ்னா, அந்தக் குருட்டுக் கோட்டான்கிட்ட கேளு. அவன் பாக்கிறது எழுத்தா, மழையில நனைஞ்ச கரியா?"

"யாஸ்னா, வெளியே ஏதோ குரைக்குது. கதவைச் சாத்து."

"பெருசா இருந்தா போதுமா? புள்ளி ஒவ்வொண்ணும் பட்டாணி சைஸுல இருக்கு! சோஃபால சாய்ஞ்சு சினிமா பாக்கலாம். பக்கத்துல உக்காந்து படிச்சா மிச்சக் கண்ணும் போயிடும்னு சொல்லு!"

"அப்ப அந்த வளைஞ்ச டிவியை எடுத்துக்கறேன். எழுத்தெல்லாம் என்னைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான். பூரெக் ஒரு சலவை இயந்திரத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. ரத்தோமிர் கணினியின் கேபிளைப் பிடுங்கி வளைந்த டிவியில் செருகினார்.

"நீலத்து மேல சிவப்பு எழுத்தைப் போடச் சொல்லு. பாத்தியா, ஓரமெல்லாம் கசியுது! தர்பூசணியைக் கோடாலியால வெட்டுனாக்கூட இதைவிடச் சுத்தமா இருக்கும்!"

அடுத்த டிவி, அதற்கடுத்த டிவி. எல்லாப் பெட்டிகளையும், அவற்றைச் செய்த தொழிற்சாலைகளையும், அந்தத் தொழிற்சாலைக்காரர்களின் பாட்டன் பூட்டன்களையும் அவர் வைத வசவில் குளிர்பெட்டிகள் வியர்த்தன. கடைசியில் மூலையில் கிடந்த, சட்டத்தில் கீறல் விழுந்த ஒரு நடுத்தர டிவியில் செருகினார். பக்கத்தின் ஓரம் திரைக்கு வெளியே போய்விட்டது.

"பாரு, யாஸ்னா, இது ஓரத்தையே முழுங்குது!" என்று குதித்தார் மிலுத்தின்.

"அது பெட்டியோட குத்தமில்லை, மாத்தத் தெரியாத மண்டையோட குத்தம்!" ரத்தோமிர் ரிமோட்டில் நாலு தட்டு தட்டினார். முழுப் பக்கமும் உள்ளே வந்தது. ஒவ்வோர் எழுத்தும் கத்தியால் செதுக்கினாற்போல நின்றது. மிலுத்தின் மூன்றடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்காமலே கடைசி வரி வரை படித்தார்.

"இதை வாங்கச் சொல்லு!" என்று உறுமினார் ரத்தோமிர். "வேற எதையாவது தூக்கிட்டுப் போனான்னா, கீழ்வீட்டுல அந்தக் கண்றாவி ஓடுதேன்னு எனக்குத் தூக்கம் வராது!" பூரெக்கைப் பறித்துக்கொண்டு, கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்.

மிலுத்தின் பணத்தை எண்ணி வைத்தார். யாஸ்னா டிவியைக் கட்டும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒத்துக்கறேன் மாமா, நடந்துடுச்சு. அவரேதான் பொறுக்கிக் கொடுத்தாரு. என்ன இருந்தாலும் நல்ல மனுஷன். உங்க கதையில அவரைப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க."

மிலுத்தின் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

"அவன் இல்லாமலா? பிரதிவாதியே அவன்தானே!"